பழைய கழிவு சுத்திகரிப்பு வளவு, மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு: மண்ணும் நிலத்தடி நீரும் திரும்பச் சுத்தமாகுமா?

மட்டக்குளி மகள் · ஞாயிறு இரவு 9.10

வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

எங்கள் வீடு மட்டக்குளியில், களனி கங்கை கடலில் விழும் பக்கம். அப்பா 1982 இல் வாங்கிய 9 பேர்ச்சஸ். பின்மதிலுக்கு அப்பால் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த வளவு. அங்கே நெடுங்காலம் கழிவு சுத்திகரிக்கும் இடம் ஒன்று நடந்தது. பெயர் வேண்டாம். பழைய என்ஜின் ஒயில், அச்சகங்களில் மிஞ்சும் தின்னர், கராஜ்களில் இரும்பு கழுவிய திரவம், பெயின்ட் சேறு என்று ட்ரம் ட்ரம்மாக வந்து இறங்கும். மழைக்காலத்திலும் ட்ரம்கள் வெளியில்தான் நிற்கும். சிறு வயதில் மதிலில் ஏறிப் பார்ப்போம். நிலம் வானவில் நிறத்தில் மினுங்கும், எங்களுக்கு அது வேடிக்கை. மூடி ஏழெட்டு வருடம் ஆகிறது. பிறகு பற்றை வளர்ந்து கிடந்தது.

இப்போது அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். நிலத்துக்குக் கீழே இரண்டு தட்டு வாகனத் தரிப்பிடம். போன கிழமை பெக்கோ வந்து ஓர் ஓரத்தைக் கிளறியது. அன்று மாலை முழுக்க இனிப்பான ஒரு மணம், பல் டாக்டர் அறையில் வருமே, அந்த மாதிரி. அம்மாவுக்குத் தலையிடி.

எங்கள் கிணற்றில் குடிப்பதில்லை, குழாய் நீர் இருக்கிறது. குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் கிணற்றில்தான். அள்ளும்போது பளிங்கு மாதிரி இருக்கும். வாளியில் அரை மணித்தியாலம் வைத்தால் சாயத்தண்ணீர் நிறம், பால் விடாத தேநீர் மாதிரி. கட்டடக்காரர் "மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிடுவோம், பிரச்சினை முடிந்தது" என்கிறார். முடிந்துவிடுமா?

காணித்தரகு · ஞாயிறு இரவு 9.31

தங்கச்சி, கொழும்பு 15 இல எந்தக் கிணத்துத் தண்ணி சுத்தம்? எல்லா வீட்டுக்கும் கக்கூஸ் குழி பத்தடி தள்ளித்தான். அந்தப் பக்கம் அடுக்குமாடி வந்தா உங்கட பேர்ச்சஸ் விலை ஏறும். இத நெட்டுல போட்டு நீங்களே உங்கட காணிய விழுத்தாதீங்க.

கொட்டாஞ்சேனைக்காரன் · ஞாயிறு இரவு 10.02

தரகர் தம்பி, விலை பேச வேறு இழை இருக்கிறது.

மகள், நான் புளூமெண்டல் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். 2009 இல் அதை மூடினார்கள். நாங்கள் வெடி கொளுத்தாத குறை. ஆனால் கொழும்பின் குப்பை ஆவியாகிவிடவில்லை, மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, வருடப் பிறப்பன்று அந்த மலை சரிந்து 32 பேரை மூடியது. மூடியது என்ற சொல்லை நான் நம்புவதே இல்லை. கேற்றைப் பூட்டினால் லொறி நிற்கும். கீழே இறங்கியது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

துளைக்குழி · ஞாயிறு இரவு 11.48

தோஹாவில் ஒன்பது வருடம் இதே வேலை: மண்ணில் துளை போட்டு, குழாய் இறக்கி, எண்ணெயும் கரைப்பானும் (தின்னர் போன்ற, அழுக்கைக் கரைக்கும் திரவங்கள்) எங்கே போயிருக்கிறது என்று தேடுவது. இப்போது ஊரில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாயநிறம். அது இரும்பு. நிலத்தடியில் எண்ணெய், கரைப்பான், மலம், எது ஊறினாலும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது ஒட்சிசன் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு அவை மண்ணில் ஒட்டியிருக்கும் துருவை மூச்சுக்கு எடுத்துக்கொள்ளும். துரு கரைந்து நிறமற்ற இரும்பாக நீரில் வரும். வாளியில் காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிவிடும். ஆகவே கீழே மூச்சுமுட்டுகிறது என்பதற்கு அது அடையாளம். யாரால் முட்டுகிறது என்று அது சொல்லாது. கக்கூஸ் குழியாலும் ஆகலாம், பழைய சதுப்பு மண்ணாலும் ஆகலாம். தரகர் சொன்னதில் அவ்வளவு நியாயம் உண்டு.

எனக்கு உறுத்துவது அந்த இனிப்பு மணம். இரும்பு கழுவிய திரவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் பாவித்தது ட்ரைகுளோரோஎத்திலீன். அதன் குணம் என்ஜின் ஒயிலுக்கு நேர் எதிர். ஒயில் தண்ணீரில் மிதக்கும், கிணற்றில் படலமாகத் தெரியும், கண்ணால் கண்டு பயப்படலாம். இது தண்ணீரைப் போல் ஒன்றரை மடங்கு பாரம். நிலத்தடி நீரையும் துளைத்துக்கொண்டு இறங்கி, எங்கே களிமண் தட்டு தடுக்கிறதோ அங்கே குட்டையாகத் தேங்கும். அந்தக் குட்டை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும்.

எவ்வளவு கொஞ்சம் என்று கணக்குப் போடுவோம். ஒரு லீற்றர் ட்ரைகுளோரோஎத்திலீன் 1.46 கிலோ. அமெரிக்காவின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 5 மைக்ரோகிராம். வகுத்தால் ஏறத்தாழ 29 கோடி லீற்றர் தண்ணீர். கவிழ்ந்த ஒரு போத்தல் அத்தனை தண்ணீரையும் அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். உங்கள் மதிலுக்கு அப்பால் நின்றவை போத்தல்கள் அல்ல.

ஆகவே மேல் மண்ணை அள்ளினால் மேல் மண் போகும், அவ்வளவுதான். அதைவிட எனக்குப் பெரிய பயம் அந்த இரண்டு தட்டு வாகனத் தரிப்பிடம். உங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஒன்று, இரண்டு மீற்றரில் கிடைக்கும். தரிப்பிடக் குழி ஏழு மீற்றராவது வேண்டும். காய்ந்த குழியில் கொங்கிறீற் போட இரவு பகல் பம்ப் ஓடும். சுற்றுவட்டாரத்து நீரெல்லாம் அந்தக் குழியைப் பார்த்துத் திரும்பும். இத்தனை வருடம் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்த அழுக்கை எந்தத் திசைக்கு இழுக்கும், இறைத்த தண்ணீரை எந்தக் கானில் விடுவார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடித்தளத் தூண்கள் வேறு அந்தக் களித் தட்டைத் துளைத்துக்கொண்டு பாறை வரை போகும். மேலே தேங்கி நின்ற குட்டைக்கு அது வடிகுழாய்.

பம்ப் ஓட முன்னர் அளந்தாக வேண்டும். மற்ற எல்லாம் பிறகு.

மட்டக்குளி மகள் · திங்கள் காலை 6.15

அண்ணா, இரவு தூக்கமே வரவில்லை. அம்மா சொல்கிறார் கிணற்றை முழுதாக இறைத்து, குளோரின் போட்டு விடுவோம் என்று. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குளித்தால்?

துளைக்குழி · திங்கள் காலை 6.40

இரண்டும் வேண்டாம் தங்கச்சி.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைப்பான் சாகாது, ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும், நீங்கள் அதைச் சுவாசிப்பீர்கள். சுடுதண்ணிக் குளியலும் அதே கதை. சோதனை முடிவு வரும்வரை அந்தக் கிணற்றில் குளிப்பதை விடுங்கள்.

இறைப்பது அதைவிட மோசம். நம் ஆட்களுக்குக் கிணறு கெட்டால் உடனே இறைக்க வேண்டும். எலி விழுந்தால் அது சரி. ஊற்றே கெட்டிருந்தால், நீங்கள் இறைக்க இறைக்க மதிலுக்கு அப்பாலுள்ளதை உங்கள் பக்கம் கூப்பிடுகிறீர்கள்.

சுன்னாகத்தான் · திங்கள் காலை 8.22

இந்த இடத்தில எனக்கு வாய் சும்மா இருக்காது. நான் இப்ப வெள்ளவத்தை, ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள்ள வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2014, 2015 இல எங்கட ஒழுங்கையில எல்லாரும் செய்தது இறைப்புத்தான். இறைச்சுப்போட்டு அடுத்த நாள் எட்டிப் பாத்தா திரும்பப் படலம். எங்களுக்குக் கீழ சுண்ணாம்புக் கல், வெடிப்பும் குகையுமா இருக்கும். அதுக்குள்ள தண்ணி ஓடுற வேகத்துக்கு நாங்கள் வாளியோட போட்டி போட்டனாங்கள். பிறகு மாசமாசமா பௌசர் தண்ணி.

2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவன்தான் செலவைச் சுமக்க வேணும் எண்டு. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனா வழக்குப் போட்டது 2015. நாலு வருசம் எங்கட பிள்ளையள் என்னத்தைக் குடிச்சதுகள் எண்டு கணக்கு வைக்க ஏலாது.

பரிசோதனைக் குழாய் · திங்கள் பிற்பகல் 1.05

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு மன்றாட்டம்: தயவுசெய்து தண்ணீரைச் சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு வராதீர்கள். வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள்.

ஆவியாகும் கரைப்பானுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி. உள்ளே இரண்டு சொட்டு அமிலம் நாங்களே போட்டுத் தருவோம். குப்பி விளிம்பு தளும்பும் வரை நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, குமிழி இருந்தால் சரக்கு அதற்குள் ஏறிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து 14 நாளுக்குள் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். வாளியால் அள்ளி ஊற்றினால் பாதி அங்கேயே பறந்துவிடும். குழாயை மெல்ல இறக்கி மெல்ல எடுக்க வேண்டும்.

இன்னொன்று. "குடிநீர்ச் சோதனை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரத்தில் வழக்கமாகப் பார்க்கும் நிறம், பீ.எச்., இரும்பு, நைத்திரேற்று, குளோரைட்டு, கொலிபோம் கிருமி பார்த்துத் தருவார்கள். கரைப்பான் அதில் வராது. "எல்லாம் சரி" என்று தாள் வரும், நீங்கள் சந்தோசமாகக் குளிப்பீர்கள். ஆவியாகும் சேதனச் சேர்வைகள் என்று தனியாகக் கேளுங்கள். ஈயம், கட்மியம், குரோமியம், எண்ணெயும் கிரீசும் வேறு. எந்த இடத்துக்குக் கொடுத்தாலும், அந்தச் சோதனையைத் தாங்களே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

குளோரைட்டு கூடியிருந்தால் உடனே கழிவு என்று பதறவும் வேண்டாம். நீங்கள் கங்கை வாயில் இருக்கிறீர்கள், வரட்சிக் காலத்தில் உப்பு உள்ளே ஏறும்.

காணித்தரகு · திங்கள் பிற்பகல் 2.47

சரி, அழுக்கு இருக்கு எண்டே வைப்பம். வெளிநாட்டுல என்ன செய்றாங்க? தோண்டி எடுத்து லொறியில ஏத்தி அனுப்புறாங்க தானே. கட்டடக்காரர் சொல்றதும் அதுதானே. ஒருத்தர் காசு செலவழிச்சு அள்ளுறேன் எண்டு சொல்றப்போ ஏன் தடுக்கிறீங்க?

புத்தளத்து உப்பு · திங்கள் மாலை 4.30

அள்ளி எங்க அனுப்புவீங்க தரகர்? நான் சொல்றேன். எங்கட ஊருக்குத்தான்.

மீதொட்டமுல்ல சரிஞ்சப்புறம் கொழும்புக் குப்பைக்கு இடம் கட்டினது புத்தளம் அருவக்காட்டுல. சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டின குழிக்குப் பக்கத்துல. களனியில ரயில்ல ஏத்தி ஏறத்தாழ 170 கிலோமீற்றர். நாங்க நாள்கணக்கா ரோட்டுல உக்காந்து பார்த்தோம். "இது குப்பை மேடு இல்ல, அடியில பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட நவீன நிரப்பு நிலம்" எண்டாங்க. சுன்னாகத்து நானா இப்பத்தான் சொன்னார், சுண்ணாம்புக் கல்லுக்குள்ள தண்ணி எப்படி ஓடும் எண்டு. விரிப்புக் கிழிஞ்சா யார் கீழ இறங்கிப் பார்க்கிறது?

அதுவாவது வீட்டுக் குப்பை. உங்கட ட்ரம் மண் அதுக்குள்ளயும் போகக் கூடாது. கொழும்பு சுத்தமாகிற ஒவ்வொரு தடவையும் நாங்க அழுக்காகிறோம். இத எழுதாம விட மனசு வரல.

துளைக்குழி · திங்கள் இரவு 10.20

நானா சொன்னதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்தத் தொழிலில் எங்களுக்கும் அது குத்தும். தோண்டி எடுப்பதென்றால் பாதி நேரம் விலாசம் மாற்றுவதுதான்.

ஜப்பானில் தேஷிமா என்று ஒரு சின்னத் தீவு. 1978 இல் ஒரு கம்பனி அங்கே மண்புழு வளர்க்க அனுமதி எடுத்தது. ஆம், மண்புழு. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு கார் உடைத்த கழிவு, எண்ணெய், கரைப்பான் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டி எரித்தது. ஊர்ச் சனம் கத்தியது. மாகாண அதிகாரிகள் "அது கழிவு அல்ல, மூலப்பொருள்" என்றார்கள். 1990 இல் பக்கத்து மாகாணப் பொலிஸ் வந்து பிடிக்கும்வரை நடந்தது. 2000 இல்தான் இணக்கம் ஏற்பட்டு மாகாண ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். பிறகு 9 இலட்சம் தொன்னுக்கு மேல், கழிவும் கெட்ட மண்ணுமாக, கப்பலில் பக்கத்துத் தீவான நவோஷிமாவுக்குக் கொண்டுபோய் உலையில் உருக்கினார்கள். 2017 இல் அந்த வேலை முடிந்தது. கவனியுங்கள், மண் போய் முடிந்த பிறகும் நிலத்தடி நீரோடு மேலும் நாலு வருடம் மல்லுக்கட்டினார்கள்.

எனக்கு அதில் பிடித்தது உலை அல்ல, இணக்கம். எங்கே போகிறது, எப்படிப் போகிறது, போய் என்னவாகிறது என்பதை ஊர் ஆட்களும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

சுவிற்சர்லாந்தில் கொல்லிக்கென் என்ற இடத்து நச்சுக் கழிவுக் குழி 1978 இல் திறந்து 1985 இல் மூடியது. ஏழு வருடம் போட்டதை எடுக்கக் கிட்டத்தட்ட 100 கோடி பிராங் செலவு. குழிக்கு மேல் பெரிய மண்டபம் கட்டி, காற்று வெளியே போகாமல் உறிஞ்சிக்கொண்டு, 2007 முதல் 2015 வரை தோண்டினார்கள். மட்டக்குளியில் திறந்த வெளியில் பெக்கோ கிளறுவதையும் இதையும் ஒரே பெயரால் "அள்ளுவது" என்று சொல்கிறோம்.

தரகர், எதிர்க்கவில்லை. மூல இடத்தை, அதாவது ட்ரம் நின்ற இடமும் கழுவிய தொட்டியின் அடியும், தோண்டத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பத்துப் பேர்ச்சஸ் என்று தெரிந்து தோண்ட வேண்டும். எடுத்த மண்ணை மூடிய லொறியில், ஆபத்தான கழிவு கையாள உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் சேற்றைச் சீமெந்துச் சூளையில் எரிக்கலாம். அங்கே கல்லே 1,450 பாகை வரை சூடாகும், தாங்காது. குளோரின் கூடிய சரக்கென்றால் சூளைக்காரரே அளவு பார்த்துத்தான் ஏற்பார். உலோகம் எரியாது, அதை சீமெந்தோடு குழைத்து இறுக்கி, மழை படாமல் மூடி வைப்பதுதான் வழி.

(சூளையும் புத்தளத்தில்தான் என்று நானா சொல்லப் போகிறார். தெரியும்.)

புத்தளத்து உப்பு · திங்கள் இரவு 10.26

சொல்லத்தான் வந்தேன். 😐

மட்டக்குளி மகள் · செவ்வாய் இரவு 8.00

மண் புரிகிறது. தண்ணீர்? அதைத் தோண்டி எடுக்க முடியாதே.

துளைக்குழி · செவ்வாய் இரவு 11.10

பழைய வழி, இறைத்துச் சுத்தம் செய்வது. அழுக்கு போகும் பாதையில் துளைக்கிணறுகள் போட்டு, இறைத்த நீரை உயரமான கோபுரத்தில் மேலிருந்து விழவிட்டு, கீழிருந்து காற்று ஊதுவார்கள். கரைப்பான் காற்றோடு போகும். அந்தக் காற்றைக் கரித்தூளில் வடிப்பார்கள். அந்தக் கரி எது தெரியுமா? தேங்காய்ச் சிரட்டைக் கரி. நம் நாடு கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் சரக்கு. தோஹாவில் மூட்டையைப் பிரித்தபோது "இலங்கை உற்பத்தி" என்று பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். உலகத்தின் தண்ணீரை நம் சிரட்டை வடிக்கிறது, நாம் சாயத்தண்ணீரில் குளிக்கிறோம்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. முதல் இரண்டு வருடம் அளவு மளமளவென்று இறங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு இறங்காது. பம்பை நிறுத்தினால் திரும்ப ஏறும். ஏனென்றால் பத்து இருபது வருடத்தில் அது களிக்குள்ளும் ஊறிவிட்டது. ஊறப் போன வேகத்தில்தான் வெளியே வரும். கலிபோர்னியாவில் ஸ்ரிங்ஃபெலோ என்ற கழிவுக் குழி 1972 இல் மூடியது. அங்கே இன்னும் இறைக்கிறார்கள்.

அதனால்தான் இப்போது இறைப்பதை அணைபோடப் பாவிக்கிறார்கள், கொல்வதற்கு வேறு ஆளை அனுப்புகிறார்கள். அந்த ஆள் ஒரு பக்ரீரியா. ட்ரைகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி எறியும். அதற்கு ஒட்சிசன் ஆகாது, பசி ஆற சீனி மாதிரி ஏதாவது வேண்டும். கரும்பு ஆலையில் மிஞ்சும் பாகையே மண்ணுக்குள் செலுத்துவார்கள். மகள், உங்கள் சாயத்தண்ணீர் ஒருவேளை இங்கே நல்ல சகுனம்: கீழே ஒட்சிசன் ஏற்கெனவே இல்லை. ஆனால் பாதி வழியில் பக்ரீரியா களைத்து நின்றுவிட்டால் மிஞ்சுவது வைனைல் குளோரைட்டு. அது மூலத்தைவிடப் பொல்லாதது, அமெரிக்க எல்லையே 2 மைக்ரோகிராம்தான். ஆகவே "இயற்கை தானாகச் சுத்தம் செய்யும்" என்று யாராவது வந்தால், கடைசிவரை அளந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, பாதைக்குக் குறுக்கே கான் வெட்டி இரும்புத் தூள் நிரப்புவது. நீர் அதற்குள்ளால் ஊறிப் போகும்போது குளோரின் கழன்றுவிடும். பம்ப் இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. அல்லது பென்டனைட் களியால் நிலத்துக்குள் சுவர். கொழும்பில் கோபுரம் கட்டும் எல்லோருக்கும் பென்டனைட் தெரியும், தூண் துளை சரியாமல் இருக்க அதைத்தான் ஊற்றுகிறார்கள். அதே ஆட்கள், அதே இயந்திரம்.

உங்கள் இடத்துக்கு எது என்று என்னைக் கேட்காதீர்கள். அளக்காமல் மருந்து எழுதுகிறவன் வைத்தியன் அல்ல.

காணித்தரகு · புதன் காலை 7.55

இவ்வளவும் செய்தா அடுக்குமாடி ஒரு சதுர அடி என்ன விலைக்கு விக்கிறது?

கொட்டாஞ்சேனைக்காரன் · புதன் காலை 8.03

செய்யாமல் விற்றால், கீழ்த்தட்டில் கார் நிறுத்தி இறங்கும் பிள்ளை என்ன காற்றைச் சுவாசிக்கும்? மண்ணிலுள்ள ஆவி கொங்கிறீற் வெடிப்பால் மேலே ஏறாதா, துளைக்குழி?

துளைக்குழி · புதன் காலை 8.41

ஏறும் ஐயா. அடித்தளத்துக்குக் கீழே சல்லித் தட்டும் உறிஞ்சு குழாயும் தடுப்பு விரிப்பும் வைத்தால் தடுக்கலாம். கட்டும்போது வைத்தால் சில்லறைச் செலவு, கட்டிய பிறகு உடைத்து வைத்தால் தலைச்செலவு. தரகர், இதைக் கட்டடக்காரரின் காதில் போடுங்கள், அவருக்கு உங்கள் பாஷை புரியும்.

சட்டப்புள்ளி · புதன் இரவு 9.15

சட்டத்தரணி. பொதுவாகத்தான் சொல்கிறேன், இது ஆலோசனைக் கடிதம் அல்ல.

நட்டஈடு பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஆவணம் சேருங்கள். அந்த இடம் இயங்கியபோது 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமம் இருந்ததா, எதைக் கையாள இருந்தது, பரிசோதித்த அறிக்கை உண்டா. தேஷிமா மண்புழுக் கதையை வாசித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். மாநகர சபைக்கும் ஒன்று: கட்டட அனுமதியில் நிலத்தடி நீரை இறைப்பது பற்றி என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று.

மணம், தலையிடி என்று அயலே பாதிக்கப்பட்டால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை என்று போகலாம். அது வேகமான வழி. அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாத எல்லை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

பெக்கோ வந்த நாள், மணம் வந்த நேரம், அம்மா மருந்து எடுத்த துண்டு, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிவையுங்கள்.

நடுவர் · புதன் இரவு 9.40

இரண்டு பின்னூட்டங்களில் கம்பனிப் பெயர் வந்ததால் நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

மட்டக்குளி மகள் · மூன்று கிழமைக்குப் பிறகு, சனி பிற்பகல் 3.20

எல்லோருக்கும் நன்றி, பிந்தி வருகிறேன்.

பரிசோதனைக் குழாய் அக்கா சொன்ன மாதிரியே கண்ணாடிக் குப்பியில் எடுத்தோம். நான் பிடிக்க, தம்பி மெல்லக் குழாயை இறக்க, அம்மா குடை பிடிக்க. எங்கள் கிணற்றில் ட்ரைகுளோரோஎத்திலீன் இருக்கிறது. அதிலிருந்து உடைந்து வரும் அடுத்ததும் இருக்கிறது. வைனைல் குளோரைட்டு இந்தத் தடவை அகப்படவில்லை. ஒழுங்கைக்கு மறுபக்கம் மூன்று வீடு தள்ளியுள்ள ஆன்ரியின் கிணற்றில் ஒன்றுமே இல்லை; ஆனால் அங்கேயும் அதே சாயநிறம்! துளைக்குழி அண்ணா சொன்னது சரி, நிறம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

தாளைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் பேசவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் குசினி மூலையில் கவிழ்த்து வைத்தார். 40 வருடமாக அங்கேயே இருந்த வாளி.

தகவல் கோரிக்கைக்குப் பதில் வந்தது. உரிமம் பழைய ஒயிலுக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. கரைப்பான் என்ற சொல்லே இல்லை.

அதைக் கொண்டுபோய்க் கட்டடக்காரரிடம் காட்டினோம். கத்துவார் என்று நினைத்தேன். இல்லை, அவர் முகம்தான் வெளுத்தது. காணியை வாங்கும்போது அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லையாம். (தரகரே, உங்களை ஒன்றும் சொல்லவில்லை.) பம்ப் வேலையை நிறுத்தி, எல்லையில் மூன்று துளைக்கிணறு போட ஒத்துக்கொண்டார். ஒன்று எங்கள் மதிலோரம், எங்கள் பக்கத்தில், அது போட்டாயிற்று.

காணித்தரகு · சனி பிற்பகல் 3.52

எனக்கு அந்தக் காணி தெரியாது தங்கச்சி, சத்தியமா. ஆனா இந்த மாதிரி இன்னும் ரெண்டு காணி என்ட கையில ஈக்கு. துளைக்குழி அண்ணன், உங்களுக்குத் தனியா எழுதுறேன்.

துளைக்குழி · சனி மாலை 5.05

எழுதுங்கள், மறுக்க மாட்டேன்.

மகள், மூன்று கிணறு போடுவது நல்லது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் வேண்டாம், முக்கோணமாக வேண்டும். அப்போதுதான் நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். நீர் மட்டத்தை மூன்றிலும் ஒரே மணித்தியாலத்துக்குள் அளக்கச் சொல்லுங்கள். கங்கை வாய் அல்லவா, கடல் ஏறி இறங்க மட்டமும் சற்று ஆடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அளந்தால் திசையே தலைகீழாகத் தெரியும். ஒரு தடவை போதாது. இடைப்பருவ மழைக்கு முன்னரும் பின்னரும் வேண்டும்.

மட்டக்குளி மகள் · சனி மாலை 5.30

சரி அண்ணா. கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் குழாய் நிலத்திலிருந்து ஒரு அடி வெளியே நிற்கிறது. அயல் பிள்ளைகள் கல்லுப் போட்டு விளையாடுகிறார்கள், "டொங்" என்று சத்தம் வருகிறதாம். என்ன செய்ய?

துளைக்குழி · சனி மாலை 5.33

ஐயோ. இரும்பு மூடி போட்டுப் பூட்டச் சொல்லுங்கள், சுற்றிவர சீமெந்துத் திண்டு கட்டி, வெள்ளம் வந்தால் உள்ளே இறங்காத உயரத்துக்கு. 2016 இல் களனி எவ்வளவு ஏறியது என்று அப்பாவிடம் கேட்டு, அதற்கும் மேலே ஒரு சாண். சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

புத்தளத்து உப்பு · சனி மாலை 6.10

அந்த ஓரத்துல பெக்கோ முதல் நாள் கிளறின மண்? அது எங்க போச்சு எண்டு யாரும் கேக்கல்லயே.

மட்டக்குளி மகள் · சனி மாலை 6.48

நானா, கேட்டேன். இரண்டு லொறி. அன்றே போய்விட்டதாம். எங்கே என்று சாரதிக்குத்தான் தெரியுமாம். நம்பர் வாங்கியிருக்கிறேன், திங்கட்கிழமை எடுத்துக் கேட்கிறேன்.